நூவோ (திரை இயக்கி)

நூவோ என்பது என்விடியா நிறுவனத்தின் வரைகலை அட்டைகளை லினக்ஸ் கருனியில் இயங்கச் செய்யும் கட்டற்ற இயக்கி மென்பொருள் ஆகும். ஒரு வன்பொருளுக்கு இயக்கி எழுத அவ்வன்பொருளின் கையேடு வேண்டும். நூவோவை எழுதத் தொடங்கியவர்களிடம் அக்கையேடு இருக்கவில்லை. நிறுவனத்தின் மூடிய இயக்கி அட்டையுடன் நடத்தும் உரையாடலை ஒட்டுக்கேட்டு, அதிலிருந்தே அட்டையின் மொழியைக் கற்று இவ்வியக்கியை எழுதினர். இம்முறை மறுதலைப் பொறியியல் எனப்படுகிறது.

பின்னணி

2000களின் நடுவில் லினக்ஸ் பயனர் ஒருவருக்கு என்விடியா அட்டையை இயக்க இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, 'என்வி' என்னும் எளிய இயக்கி. இதன் மூலநிரல் வெளியிடப்பட்டிருந்தது. ஆனால் பதிவகங்களின் பெயர்கள் இருக்கவேண்டிய இடங்களில் வெறும் எண்களே இருந்தன. படித்தாலும் விளங்காத இந்நிரலைத் திறந்த மூலம் என்று அழைப்பது சொல்லளவில் மட்டுமே பொருந்தும். முப்பரிமாண வரைகலையும் அதில் கிடையாது. மற்றொன்று, நிறுவனம் இரும வடிவில் மட்டும் வழங்கிய மூடிய இயக்கி. இது வேகமானது; எனினும் இதனை ஏற்றியவுடன் கருனி தன்னைக் 'கறைபட்டது' எனக் குறித்துக்கொள்ளும். அதன்பின் கணினி முடங்கினால், மூலநிரல் காணாத ஒன்றின் பிழையை ஆராயக் கருனி நிரலாளர்கள் பொதுவாக முன்வருவதில்லை. ஓர் அட்டைக்கான ஆதரவை நிறுவனம் நிறுத்திவிட்டால் அதன் உரிமையாளர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

என்வி இயக்கியைத் திருத்தத் தொடங்கிய ஸ்டெபான் மார்ச்செசின் என்பவர் இத்திட்டத்தை 2006 பெப்ரவரியில் பிரசெல்சு நகரில் நடந்த ஃபாசுடெம் மாநாட்டில் அறிமுகப்படுத்தினார். பிரெஞ்சு மொழியில் 'நூவோ' என்றால் 'புதிய' என்று பொருள். அவர் 'என்வி' எனத் தட்டச்சு செய்தபோது அரட்டைச் செயலி தானாகவே 'நூவோ' எனப் பரிந்துரைத்ததாம். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

திரை இயக்கியின் பணி

திரையில் ஒரு படம் தோன்றுவதற்கு முன் இயக்கி சில கணக்குகளைப் போட வேண்டும். முதலில், இரு கம்பிகளாலான மெதுவான தடம் ஒன்றின் வழியாகத் திரையிடமிருந்து ஈடிஐடி எனப்படும் 128 பைட்டு விவரத்தொகுப்பைப் பெறுகிறது. திரை ஏற்கும் அளவுகளும் கால இடைவெளிகளும் இதில் உள்ளன. எடுத்துக்காட்டாக, 1024 × 768 அளவுள்ள படத்தை நொடிக்கு 60 முறை காட்ட வேண்டும் எனக் கொள்வோம். ஒவ்வொரு வரியின் இறுதியிலும் ஒவ்வொரு படத்தின் இறுதியிலும் வெற்று இடைவெளி விடவேண்டும் என்பதால் உண்மையில் அனுப்ப வேண்டியது 1344 × 806 படப்புள்ளிகளுக்கான காலமாகும். இதனை 60 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 65 மெகாஎர்ட்சு வருகிறது. அட்டையிலுள்ள அலைவியற்றியை இவ்வதிர்வெண்ணுக்கு அமைத்து, படம் நினைவகத்தில் எங்கு தொடங்குகிறது என்பதைத் தெரிவித்து, சரியான இணைப்பியைத் திறந்துவிட்டால் படம் தோன்றும். புள்ளிக்கு 4 பைட்டு என்றால் அப்படத்திற்குச் சரியாக 3 மெபிபைட்டு நினைவகம் தேவை.

கணக்கு எந்த அட்டைக்கும் பொதுவானது. அதனை எந்தப் பதிவகத்தில் எழுதுவது என்பதுதான் அட்டைக்கு அட்டை மாறுகிறது. என்விடியா அட்டைகளின் பதிவகங்கள் 16 மெபிபைட்டு அகலமுள்ள முகவரிப் பரப்பில் பரவிக் கிடக்கின்றன. எந்த இணைப்பி எங்கே உள்ளது, அட்டையை எவ்வரிசையில் விழிக்கச் செய்வது என்பன அட்டையின் பயாசில் அட்டவணைகளாகவும் சிறு கட்டளைத் தொடர்களாகவும் எழுதப்பட்டுள்ளன. இக்கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் மொழிமாற்றி ஒன்று நூவோவினுள் உள்ளது.

ஒட்டுக்கேட்கும் முறை

தொடக்கத்தில் 'ரிநூவோ' என்னும் நிரல் பயன்பட்டது. இது மூடிய இயக்கியின் மேல் சிறு வரைகலைச் சோதனைகளை ஓட்டும். ஒரு முக்கோணத்தை வரையச் செய்து, அட்டைக்குச் செல்லும் கட்டளை வரிசையில் புதிதாக என்ன சேர்ந்தது என்று பதிவுசெய்யும். முக்கோணத்தின் நிறத்தை மட்டும் மாற்றி மீண்டும் ஓட்டினால், மாறிய எண் நிறத்துக்கு உரியது என்பது புலப்படும். பல்வேறு அட்டைகளை வைத்திருந்த தன்னார்வலர்கள் இப்பதிவுகளை எடுத்து அனுப்பினர். நிரலெழுதத் தெரியாதவர்களும் பங்களிக்க முடிந்தது இதனால்தான்.

அடுத்து வந்த 'எம்எம்ஐஓடிரேசு' இன்னும் நுட்பமானது. மூடிய இயக்கி பதிவகங்களில் எழுதும்போது செயலி நேரடியாக அம்முகவரிக்கு எழுதிவிடுகிறது. கருனிக்கு அது தெரிவதில்லை. ஆகவே இக்கருவி, பதிவகங்கள் அமைந்த நினைவகப் பக்கங்கள் இல்லாதவை போலக் குறித்து வைக்கிறது. இயக்கி அவற்றைத் தொட்டவுடன் பக்கப் பிழை எழுந்து கட்டுப்பாடு கருனிக்கு வருகிறது. கருனி முகவரியையும் மதிப்பையும் குறித்துக்கொண்டு, பக்கத்தைத் திறந்து, அந்த ஒரு கட்டளையை மட்டும் நிறைவேறவிட்டு, மீண்டும் பக்கத்தை மறைக்கிறது. இரண்டு செயலிக் கருக்கள் ஒரே நேரத்தில் இயங்கினால், பக்கம் திறந்திருக்கும் கணத்தில் மற்றொன்று நழுவிச் செல்லக்கூடும். அதனால் இக்கருவி ஒரு கருவைத் தவிர மற்றவற்றை நிறுத்திவிடுகிறது. 2008 இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.27 முதல் இது கருனியிலேயே இடம்பெற்றுள்ளது.

கருனியில் சேர்தல்

ஃபெடோரா வழங்கல் 2009 இலேயே நூவோவை இயல்பிருப்பாக ஏற்றுக்கொண்டது. பயனர்களுக்கு வழங்கப்படும் ஓர் இயக்கி ஏன் முதன்மைக் கருனிக்கு வரவில்லை என லினசு டோர்வால்ட்சு வற்புறுத்தியதை அடுத்து, 2009 டிசம்பரில் அது இணைக்கப்பட்டு, 2010 பெப்ரவரியில் வெளியான 2.6.33 பதிப்பில் சோதனைப் பகுதியில் இடம்பெற்றது. தயக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. சில அட்டைகளில், ஒரு நிரலின் வரைகலைப் பணியிலிருந்து மற்றொன்றின் பணிக்கு மாற அட்டைக்குள்ளேயே ஒரு நுண்நிரல் ஓட வேண்டும். நூவோ பயன்படுத்தியது மூடிய இயக்கியிலிருந்து பதிவுசெய்யப்பட்ட நுண்நிரல். அதன் பதிப்புரிமை யாருடையது என்ற ஐயம் எழுந்தது. பதிவகங்களின் பொருளைக் கண்டறிவது வேறு, பிறர் எழுதிய நிரலைப் படியெடுப்பது வேறு. எனவே அதனை நீக்கிவிட்டு, அந்நுண்நிரலை உருவாக்கித் தரும் நிரலை நூவோ குழுவினர் தாமே எழுதினர்.

2012 இல் வெளியான 3.4 பதிப்பில் நூவோ சோதனைப் பகுதியைவிட்டு வெளிவந்தது. அதே ஆண்டு சூனில் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய டோர்வால்ட்சு, என்விடியாவைக் கடுஞ்சொல்லால் சாடியது பரவலாக அறியப்பட்டது. 2013 செப்டம்பரில் அந்நிறுவனம் சில ஆவணங்களை வெளியிட்டது. அவற்றில் முதலாவது, பயாசிலுள்ள இணைப்பி அட்டவணையைப் பற்றியது. நூவோ குழுவினர் அதில் பெரும்பகுதியைத் தாமாகவே முன்னரே கண்டறிந்திருந்தனர்.

கடிகார வேகச் சிக்கல்

என்விடியா அட்டைகள் மின்னிணைப்புப் பெற்றவுடன் குறைந்த கடிகார வேகத்திலேயே விழிக்கின்றன. வேகத்தையும் மின்னழுத்தத்தையும் உயர்த்துவது இயக்கியின் பொறுப்பு. கெப்ளர் தலைமுறைக்கு இதனைச் செய்யும் முறையை நூவோ குழுவினர் கண்டுபிடித்தனர். ஆனால் 2014 இல் வந்த இரண்டாம் மேக்சுவெல் தலைமுறையில் நிலை மாறியது. மின்மேலாண்மை செய்யும் உட்செயலி, நிறுவனம் மறையீட்டு முறையில் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் எனப்படும் நிலைப்பொருளை மட்டுமே முழு உரிமையுடன் ஏற்கும். முப்பரிமாண வரைகலைக்கு வேண்டிய நிலைப்பொருள்களை நிறுவனம் 2016 இல் வெளியிட்டது; வேகத்தை உயர்த்தத் தேவையானதை வெளியிடவில்லை. இங்கு ஒட்டுக்கேட்டுப் பயனில்லை. என்ன செய்ய வேண்டும் எனத் தெரிந்திருந்தும் அதனைச் செய்யக் கையொப்பம் இல்லை. பாசுக்கல் அட்டைகளுக்கும் இதுவே நிலை.

ஜிஎஸ்பியும் அதன் பின்னரும்

2018 இல் வெளிவந்த டூரிங் தலைமுறை முதல் அட்டையில் ஜிஎஸ்பி என்னும் தனிச் செயலி உள்ளது. 2022 மே மாதத்தில் என்விடியா தன் கருனிக்கூறுகளின் மூலநிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டபோது, முன்னர் இயக்கியில் இருந்த பணிகளில் பெரும்பகுதி ஜிஎஸ்பியின் நிலைப்பொருளுக்குள் சென்றிருந்தது. 2024 சனவரியில் வெளியான லினக்ஸ் 6.7 முதல் நூவோவும் இந்நிலைப்பொருளைப் பயன்படுத்துகிறது. அதனால் டூரிங் மற்றும் பிந்தைய அட்டைகளின் வேகச் சிக்கல் தீர்ந்தது. மறுபுறம், ஆண்டுக்கணக்கில் கற்றறிந்த உள்விவரங்கள் மீண்டும் ஒரு மூடிய கோப்புக்குள் அடங்கிவிட்டன. இயக்கி இப்போது அதற்குச் செய்தி அனுப்பி விடை பெறுகிறது. இவ்வட்டைகளுக்கென ரசுட்டு மொழியில் எழுதப்படும் 'நோவா' என்னும் புதிய இயக்கி 2024 இல் அறிவிக்கப்பட்டு, அதன் அடிப்படைப் பகுதி 2025 இல் 6.15 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

ஜிஎஸ்பி இல்லாத அட்டைகளுக்கு இவை எதுவும் பொருந்தா. மேக்சுவெல், பாசுக்கல், வோல்ட்டா தலைமுறைகளுக்கு மூடிய இயக்கியின் 580 வரிசையே கடைசி என என்விடியா 2025 இல் அறிவித்தது. அவ்வரிசை புதிய கருனிகளுடன் பொருந்தாமற் போகும் நாளில் இவ்வட்டைகளுக்கு எஞ்சுவது நூவோ மட்டுமே. அதுவும் இரண்டாம் மேக்சுவெல், பாசுக்கல் அட்டைகளை விழித்தபோதிருந்த வேகத்திலேயே ஓட்டும்.