நூறு மீட்டர் ஓடிய பிரக்யான் எதைத் தேடியது?

சந்திரயான்-3 நிலாவில் இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 பலருக்கும் நினைவிருக்கிறது. அதிலிருந்து இறங்கிய 26 கிலோ எடையுள்ள பிரக்யான் என்ற ரோவர் அங்கே என்ன செய்தது என்று கேட்டால் பதில் தெரிந்தவர்கள் குறைவு. அந்தச் சின்ன வண்டி செய்த வேலை இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டியது. அதைப் பற்றி அடிக்கடி எழும் சில சந்தேகங்களைப் பார்ப்போம்.

இவ்வளவு செலவு செய்து அனுப்பிய ரோவர் நூறு மீட்டர்தானே ஓடியது?

ஆம். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான் அதன் வேகம். வழியில் 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று குறுக்கிட்டதால் திரும்பி வேறு பாதையில் போனது. அதைச் சுமந்துவந்து தரையிறக்கிய லேண்டர் வழியாகத்தான் அதனால் பூமியுடன் பேச முடியும் என்பதால், லேண்டரை விட்டு வெகுதூரம் போகவும் வழியில்லை.

நெடுந்தூரம் ஓடுவது அதன் இலக்கும் இல்லை. நிலாவின் மண் எதனால் ஆனது என்று அந்த இடத்திலேயே அளப்பதுதான் இலக்கு. 103 மீட்டர் பாதையில் 23 இடங்களில் நின்று அளந்தது. எல்லா இடத்திலும் மண்ணின் கலவை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. ஒரே இடத்தில் அளந்திருந்தால், வழிதவறி வந்து விழுந்த ஏதோ ஒரு கல்லை அளந்துவிட்டோமோ என்ற ஐயம் மிஞ்சியிருக்கும். நிலாவைச் சுற்றும் கலங்கள் உயரத்திலிருந்து எடுக்கும் அளவுகளைச் சரிபார்க்கவும் இப்போது தரையில் எடுத்த உறுதியான அளவு ஒன்று கிடைத்துவிட்டது.

மண்ணை அள்ளாமலே அதில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

ரோவரில் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று, மண்மீது லேசர் துடிப்பைப் பாய்ச்சும். அந்தப் புள்ளியில் உள்ள மண் துணுக்கு ஆவியாகி ஒளிரும். அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் தனிமங்கள் தெரியும். மற்றொன்று அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் செய்தது. அதிலுள்ள கியூரியம்-244 கதிர்கள் மண்மீது படும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளியிடும். அலுமினியம், கால்சியம், இரும்பு, டைட்டானியம் போன்றவற்றோடு கந்தகமும் இருப்பதை இரண்டு கருவிகளும் உறுதிசெய்தன. இந்தக் கந்தகம் எரிமலையிலிருந்து வந்ததா, விண்கல்லிலிருந்து வந்ததா, ஆதியிலிருந்தே இருப்பதா என்ற கேள்வி அதனால் எழுந்தது.

அமெரிக்கா அப்போலோ காலத்திலேயே நிலா மண்ணைக் கொண்டுவந்துவிட்டதே?

கொண்டுவந்தது, 382 கிலோ. ஆனால் அப்போலோ இறங்கிய ஆறு இடங்களும் நமக்குத் தெரியும் பக்கத்தில், நிலாவின் நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் உள்ளவை. அப்போலோ 11 கொண்டுவந்த மண்ணில் கிடந்த அனார்த்தசைட் என்ற வெளிர்நிறப் பாறைத் துணுக்குகளை வைத்து, 1970இல் ஜான் வுட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். பிறந்த புதிதில் நிலா முழுவதும் உருகிய பாறைக் குழம்பாக இருந்தது. அது ஆறியபோது கனமான கனிமங்கள் அடியில் தங்கின. கனம் குறைந்தவை காய்ச்சிய பாலில் ஏடு படிவதுபோல மேலே மிதந்து மேலோடாயின என்பது அந்தக் கருத்து.

அது உண்மையானால் அதே வகைப் பாறை நிலாவின் தென்துருவத்தை நோக்கிய பகுதியிலும் இருக்க வேண்டும். பிரக்யானுக்கு முன்பு அங்கே தரையில் நின்று யாரும் அளந்ததில்லை. பிரக்யான் அளந்தது. இருந்தது அனார்த்தசைட் வகைப் பாறையேதான். 2024 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது. ஐம்பது ஆண்டுக்கு மேலாகப் பேசப்பட்டுவந்த கருத்துக்கு இதைவிட நல்ல சோதனை எளிதில் அமையாது.

மெக்னீசியம் மட்டும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தது. சுமார் 350 கி.மீ. தொலைவில் தென்துருவ–எய்ட்கன் என்ற மாபெரும் பள்ளம் இருக்கிறது. அதை உண்டாக்கிய மோதலில் ஆழத்திலிருந்து சிதறிய பொருள் இங்கே கலந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இதில் நாமக்கல்லுக்கும் பங்கு உண்டு. சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் கிடைக்கும் பாறையும் அனார்த்தசைட்தான். அதை அரைத்துச் செய்த மண்ணில்தான் இஸ்ரோ சோதனை ஓட்டங்களை நடத்தியது.

இறங்கியது தென்துருவத்திலா?

இல்லை. தெற்கே 69 டிகிரியில். துருவம் அங்கிருந்து இன்னும் 600 கி.மீ.க்கு மேல்.

தண்ணீரைக் கண்டுபிடித்ததா?

கண்டுபிடிக்கவில்லை. உறைபனி இருக்கும் என்று நம்பப்படுபவை வெயிலே படாத துருவப் பள்ளங்கள். சூரியத் தகட்டில் ஓடும் வண்டியால் அந்த இருட்டுக்குள் இறங்க முடியாது. ஆனால் லேண்டரில் இருந்த வெப்பமானி ஒரு துப்பு கொடுத்தது. சூரியனை நோக்கிச் சற்றே சரிந்த தரையில் 82 டிகிரி செல்சியஸ். ஒரு மீட்டர் தள்ளிச் சமதளத்தில் சுமார் 59. சிறிய சரிவே இவ்வளவு மாற்றும் என்றால், சூரியனுக்கு எதிர்ப்புறம் சரிந்த இடங்களில் அதிக ஆழம் போகாமலே பனி இருக்க வாய்ப்புண்டு.

தூங்கவைத்த ரோவர் ஏன் எழவில்லை?

நிலாவின் ஒரு பகல், நம் கணக்கில் சுமார் 14 நாள். அதற்கேற்பத்தான் ரோவரை வடிவமைத்தார்கள். இரவில் குளிர் உறைநிலைக்குக் கீழே நூறு டிகிரியையும் தாண்டிப் போகும். அதைத் தாங்கவைக்கும் அணுசக்தி வெப்பமூட்டி இதில் இல்லை. செப்டம்பர் 2 அன்று உறங்கவைத்து, 22 அன்று எழுப்ப முயன்றார்கள், பதில் வரவில்லை. ஒப்படைத்த வேலையை அதற்கு முன்பே அது முடித்திருந்தது.

அது அனுப்பிய தரவுகளை மாணவர்கள் பார்க்கலாமா?

தாராளமாக. 2024 ஆகஸ்ட் 23 முதல் இஸ்ரோ அவற்றைப் பொதுவில் வைத்திருக்கிறது. இயற்பியலோ புவியியலோ படிக்கும் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு இவற்றை எடுத்துக்கொள்ளலாம்.