மேலிருந்து கண்ட வீடு: ஜரீனா ஹஷ்மியின் அச்சோவியங்களில் தரைப்படமும் நினைவும்

ஆய்வுச்சுருக்கம்

அலிகரில் பிறந்து, பல நாடுகளில் வாழ்ந்து, அமெரிக்காவில் அச்சோவியக் கலைஞராகவும் கலை ஆசிரியராகவும் பணியாற்றியவர் ஜரீனா ஹஷ்மி (1937–2020). அவருடைய முதன்மையான படைப்புகள் பலவற்றில் வீடு முகப்புத் தோற்றமாக அன்றி, மேலிருந்து நோக்கும் தரைப்படமாகவே இடம்பெறுகிறது. இத்தெரிவுக்குக் கணிதக் கல்வி, கட்டடக்கலை ஈடுபாடு, அச்சுத் தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் அடிப்படையாக அமைந்த விதத்தை இக்கட்டுரை விளக்குகிறது. நாட்டைப் பிரித்த எல்லைக்கோடும் வீட்டை நினைவுகூரும் தரைப்படமும் ஒரே பார்வைக்கோணத்தில் அமைந்தவை என்பதும், அவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடே ஜரீனாவின் கலைக்கு ஆழம் சேர்க்கிறது என்பதும் இங்கு நிறுவப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: அச்சோவியம், மரச்செதுக்கு, தரைப்படம், முற்றம், பிரிவினை, நினைவு.

முன்னுரை

ஜரீனாவைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் பிரிவினை, இடப்பெயர்வு, வீடிழப்பு ஆகிய வாழ்க்கைச் செய்திகளிலிருந்தே தொடங்குகின்றன. அச்செய்திகள் பிழையானவை அல்ல. எனினும், வாழ்க்கைச் செய்தி மட்டுமே ஒரு படைப்பின் வடிவத்தை விளக்கிவிடாது. வீட்டைப் பிரிந்தோர் பலர் அதனை வரைந்துள்ளனர். வாயிற்கதவு, திண்ணை, சன்னல் வழியே விழும் ஒளி என்று கண்ணில் நின்ற காட்சிகளையே அவர்கள் வரைவது இயல்பு. ஜரீனாவோ கூரையை நீக்கி, சுவர்களைக் கோடுகளாக்கி, கட்டுமானத்திற்கு முன் வரையப்படும் வரைபடம்போல் வீட்டை வரைந்தார். மனித உருவோ மரநிழலோ அதில் இல்லை. இத்தகைய வறண்ட வடிவம் நினைவைச் சுமக்க வல்லதானது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் வினா.

கல்வியும் பயிற்சியும்

ஜரீனா 1937ஆம் ஆண்டு அலிகரில் பிறந்தார். தந்தையார் ஷேக் அப்துர் ரஷீத் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். ஜரீனா அதே பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று 1958இல் பட்டம் பெற்றார். ஓவியப் பள்ளி எதிலும் முறையாகப் பயிலாதவர் அவர். அயலுறவுப் பணியிலிருந்தவரை மணந்து பாங்காக் சென்றபோது, அங்கு மரச்செதுக்கு அச்சுமுறையைக் கற்கத் தொடங்கினார். 1960களின் நடுப்பகுதியில் பாரிசில் எஸ். டபிள்யூ. ஹேய்ட்டர் நடத்திய 'அட்டெலியே 17' என்னும் அச்சுக்கூடத்தில் பயின்றார். சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியப் பிரிவுக்குத் தலைமை வகித்திருந்த கிருஷ்ணா ரெட்டி அக்கூடத்தின் முதன்மையான கலைஞர்களுள் ஒருவர். 1974இல் ஜப்பான் சென்ற ஜரீனா, தோக்கியோவில் தோஷி யோஷிதாவின் கூடத்தில் அந்நாட்டு மரபுவழி மரச்செதுக்கினைக் கற்றார்.

இப்பயிற்சி வரலாற்றில் ஒரு செய்தி கருதத்தக்கது. ஒரே தகட்டில் பல வண்ண மைகளை அவற்றின் நெகிழ்ச்சி வேறுபாட்டைக் கொண்டு ஒருங்கே அச்சிடும் முறையால் புகழ்பெற்றது அட்டெலியே 17. அவ்வண்ண வளத்தினிடையே பயின்றும், ஜரீனா கருமையையும் தாளின் இயல்பான நிறத்தையுமே தம் மொழியாகக் கொண்டார். கற்றவற்றுள் எதனைத் தவிர்ப்பது என்ற தெளிவு அவரிடம் தொடக்கத்திலேயே இருந்தது. கணிதம் பயின்றவர்க்குரிய சுருக்க நாட்டம் இதில் புலனாகிறது.

கட்டடங்கள் தந்த பார்வை

வரலாற்று ஆசிரியரான தந்தையாருடன் இளமையில் முகலாயர் காலக் கட்டடங்களைக் காணும் வாய்ப்பு ஜரீனாவுக்குக் கிட்டியது. அலிகர், டெல்லிக்கும் ஆக்ராவுக்கும் அருகமைந்த ஊர். அக்பர் எழுப்பிய ஃபதேபூர் சிக்ரியும் தொலைவில் இல்லை. அந்நகரின் சிறப்பு தனிக்கட்டடங்களின் உயரத்தில் மட்டும் இல்லை. முற்றங்களும் நீர்நிலைகளும் நடைகூடங்களும் ஒன்றோடொன்று அளவொத்து இணையும் அமைப்பில் அதன் சிறப்பு தங்கியுள்ளது. சுவர்களைப் போலவே வெற்றிடமும் அங்குத் திட்டமிடப்பட்டது. கட்டடத்தை உள்ளீடற்ற பரப்புகளின் ஒழுங்காகக் காணும் இப்பார்வை ஜரீனாவின் படைப்புகளில் தொடர்ந்து வருகிறது.

1970களில் அவர் தாளை ஊசியால் துளைத்துப் பல படைப்புகளை உருவாக்கினார். மையின்றி, துளைகளும் அவற்றின் விளிம்பில் தங்கும் நிழலுமே அவற்றின் உருவம். கல்லைக் குடைந்து ஒளியை உள்ளே விடும் சாளரத் தட்டிகளின் செயல்முறையோடு இதனை ஒப்பிடலாம். காகிதக் கூழை அச்சில் வார்த்து அவர் செய்த படைப்புகளுள் 'வீடு திரும்பல்' (1981) முற்றத்தை நினைவூட்டும் சதுரப் பள்ளமாக அமைந்தது. தாள் இங்குப் படத்தைத் தாங்கும் பரப்பாக நில்லாமல், தானே சுவராகவும் தரையாகவும் மாறுகிறது.

மற்றொரு செய்தியும் இங்கு இன்றியமையாதது. டெல்லியில் வாழ்ந்த காலத்தில் ஜரீனா கிளைடர் ஓட்டக் கற்றார். இயந்திர ஒலியின்றி மிதக்கும் அவ்வானூர்தியிலிருந்து நோக்குகையில், கட்டடங்கள் உயரத்தை இழந்து கோடுகளாகின்றன. கணித ஏட்டில் கண்ட வடிவங்கள் நிலத்தில் விரிந்து கிடப்பதை அவர் நேரில் கண்டார் எனலாம்.

செதுக்கலும் சுவரும்

அச்சுத் தொழில்நுட்பத்திற்கும் தரைப்படத்திற்கும் இடையே ஓர் உள்ளார்ந்த ஒற்றுமை உண்டு. மரச்செதுக்கில் செதுக்கி நீக்கிய இடம் வெண்மையாகவும், விட்டுவைத்த இடம் கருமையாகவும் பதியும். தரைப்படத்திலும் கோடு சுவர், வெண்மை அறை. வாழும் இடம் என்பது இரண்டிலும் நீக்கப்பட்டதன் பயனாகக் கிடைப்பதே. 'சுவர்' (1969) போன்ற தொடக்கக் காலப் படைப்புகளில் மரத்துண்டுகளையே அடுக்கி, மைபூசி ஒற்றினார். மரத்தின் வரியோட்டம் அங்குக் கட்டடப்பொருளின் தன்மையைத் தருகிறது.

அச்சில் பதிவது எப்போதும் இடவல மாற்றம் பெறும். முற்றத்தின் வலப்புறத்து அறை, கட்டையில் இடப்புறமாகச் செதுக்கப்பட வேண்டும். வலமிருந்து இடமாகச் செல்லும் உருது எழுத்தும் அவ்வாறே தலைமாறும். ஆகவே, வீட்டை அச்சிட விரும்புபவர் அதனை முன்னும் பின்னுமாக அறிந்திருத்தல் வேண்டும். நினைவில் தெளிவில்லாத வீட்டை மாற்றிச் செதுக்குதல் அரிது.

தரைப்படம் என்னும் நினைவுமொழி

ஜரீனாவின் பெற்றோர் 1959இல் கராச்சிக்குக் குடிபெயர்ந்தனர். அலிகர் வீட்டோடு அவருக்கிருந்த தொடர்பு அத்துடன் மாறியது. 'தந்தையின் வீடு 1898–1994' (1994) என்னும் அரிப்பு அச்சில் அவ்வீட்டின் தரைப்படம் உருதுக் குறிப்புகளுடன் அமைகிறது. ஒருவரது வாழ்நாளைக் குறிக்கும் முறையில் தலைப்பிலேயே இரண்டு ஆண்டுகள் நிற்பதால், படம் வீட்டின் அமைப்பைக் காட்டுவதோடு நினைவுக்கல்லின் தன்மையையும் பெறுகிறது.

'நான் அமைத்த வீடுகள் / ஒன்பது வரிகளில் ஒரு வாழ்க்கை' (1997) அடுத்த படிநிலை. திருமணத்திற்குப் பின் அவர் வாழ்ந்த பாங்காக், டெல்லி, பாரிஸ், பான், தோக்கியோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், சாந்தா குரூஸ் முதலிய ஊர்களின் வீடுகள் இத்தொகுப்பில் தரைப்படங்களாகின்றன. 'வரி' என்னும் தமிழ்ச்சொல் கோட்டையும் எழுத்தின் அடியையும் ஒருங்கே குறிப்பதுபோல, மூலத் தலைப்பின் சொல்லும் இரு பொருள் தருகிறது. தன்வரலாறு இங்குச் சொற்களால் அன்றிச் சுவர்களால் எழுதப்படுகிறது.

அவ்வூர்களுள் சாந்தா குரூஸ், அவரது ஆசிரியப் பணியோடு தொடர்புடையது. 1990களில் அங்குள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அவர் கற்பித்தார். அதற்கு முன்னரே நியூயார்க்கின் பெண்ணியக் கலை நிறுவனத்தில் காகிதம் செய்யும் கலையைப் பயிற்றுவித்திருந்தார். கூடங்களில் கைவழி கற்றதைக் கைவழியே கொடுத்தார். பணியின் பொருட்டுக் குடியேறிய வீடும் தொகுப்பில் மற்ற வீடுகளுக்கு நிகரான இடம்பெறுவது, தொழில்வாழ்வையும் இல்வாழ்வையும் அவர் வேறுபடுத்தவில்லை என்பதைக் காட்டுகிறது.

'வீடு ஓர் அயலிடம்' (1999) என்னும் தொகுப்பு 36 மரச்செதுக்குகளைக் கொண்டது. இதில் சொல் முன்னும் உருவம் பின்னுமாகப் பிறந்தன. உருதுச் சொற்களைப் பட்டியலிட்டு, பாகிஸ்தானிய எழுத்தணிக் கலைஞர் ஒருவரைக் கொண்டு எழுதச்செய்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் உருவத்தை அமைத்தார். வீட்டின் தரைப்படத்தில் தொடங்கும் வரிசை வாயிற்படி, கதவு, முற்றம் என நகர்ந்து, எல்லை, தொலைவு, மொழி ஆகிய கருத்துகளுக்கு விரிகிறது. உட்புறத்திலிருந்து வெளிப்புறத்திற்குச் செல்லும் இவ்வொழுங்கே ஒரு கட்டடத்தின் ஒழுங்குதான்.

'வீட்டிலிருந்து கடிதங்கள்' (2004) தொகுப்பின் அடிப்படை, பாகிஸ்தானில் வாழ்ந்த தமக்கை ராணி எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதங்கள். இறப்பு முதலிய இழப்புகளைக் கூறும் அவ்வரிகளின்மேல் தரைப்படமும் வரைபடமும் அச்சேறியுள்ளன. உருது அறியாதவர்க்கு எழுத்து உருவமாகத் தோன்றும். அறிந்தவர்க்கோ கோடுகள் வாசிப்பை இடைமறிக்கும். தனிமனிதத் துயரை வெளிப்படுத்தவும் காக்கவும் செய்கிறது இவ்வமைப்பு.

எல்லைக்கோடும் தரைப்படமும்

மேலிருந்து நோக்கும் பார்வை தன்னளவில் கனிவுடையதன்று. 1947இல் இந்திய–பாகிஸ்தான் எல்லையை வகுத்த சிரில் ராட்கிளிஃப், அதற்கு முன் இந்தியாவுக்கு வந்திராதவர். சில வாரங்களில் வரையப்பட்ட அக்கோடு ஆகஸ்டு 17 அன்று வெளியிடப்பட்டது. அங்கு வாழ்ந்தவர்களின் பார்வையில், வாழ்ந்திராத ஒருவர் மேலிருந்து வரைந்த கோடு அது.

'பிரிக்கும் கோடு' (2001) என்னும் மரச்செதுக்கில் ஜரீனா அக்கோட்டையே எடுத்துக்கொண்டார். அவர் கோட்டைச் செதுக்கவில்லை. கோட்டின் இருபுறத்தையும் செதுக்கி நீக்கி, கோட்டை மட்டும் நிற்கவிட்டார். தாளில் இருபுற நிலமும் உளித்தடங்கள் சிதறிய வெறுமையாகவும், கோடு கருமையாகவும் பதிந்துள்ளது. எல்லை ஒன்று நிலைபெற, அதன் இருமருங்கும் எத்துணை அகற்றப்பட்டது என்பதைச் செய்முறையே உணர்த்துகிறது. 2003இல் உருவான ஒன்பது மரச்செதுக்குகளின் தொகுப்பில் சாரயேவோ, பெய்ரூத், பாக்தாத், காபூல், அகமதாபாத் முதலிய அழிவு கண்ட நகரங்களுக்கும் இப்பார்வை விரிந்தது. அங்கு நியூயார்க் இரு நெடுங்கோடுகளாக மட்டும் நிற்கிறது.

ஆட்சியாளரின் வரைபடமும் ஜரீனாவின் தரைப்படமும் வடிவத்தால் ஒத்தவை. வேறுபடுவது அறிவின் மூலம். முன்னது அளந்து அறிந்தது. பின்னது நடந்து அறிந்தது. தம் வீட்டை எவரும் கூரையின்றி மேலிருந்து கண்டதில்லை. ஆயினும் இருளில் விளக்கின்றிச் சமையலறைக்கு வழிகண்டு செல்லும் ஒவ்வொருவரின் உடலிலும் அவ்வீட்டின் தரைப்படம் உண்டு. முகப்புத் தோற்றம் வழிப்போக்கருக்கும் தெரியும். தரைப்படம் வாழ்ந்தவர்க்கே தெரியும்.

முடிவுரை

2011இல் வெனிஸ் நகரில் ஈராண்டுக்கு ஒருமுறை நிகழும் பன்னாட்டுக் கலைக்காட்சியின் இந்திய அரங்கில் ஜரீனாவின் படைப்புகள் இடம்பெற்றன. 2012இல் லாஸ் ஏஞ்சலஸ் ஹேமர் அருங்காட்சியகத்தில் தொடங்கிய அவரது வாழ்நாள் படைப்புக் கண்காட்சி, நியூயார்க், சிகாகோ நகரங்களுக்கும் சென்றது. இவ்வேற்பு அவரது எழுபதாம் வயதுக்குப் பின்னரே வந்தது. அவரது தரைப்படங்களை இழப்பின் குறியீடுகளாக மட்டும் படிப்பது அவற்றின் தொழில்நுணுக்கத்தையும் சிந்தனையையும் குறைத்து மதிப்பிடுவதாகும். நிலத்தைப் பிரிக்கப் பயன்பட்ட பார்வைக்கோணத்தையே வாழ்ந்த இடத்தை நினைவில் நிறுத்தவும் பயன்படுத்த முடியும் என்பதை அவை செயலில் காட்டின. ஒருமுறை செதுக்கிய கட்டையிலிருந்து பல படிகள் எடுக்கலாம் என்பது அச்சோவியத்தின் எளிய உண்மை. திரும்பிச் செல்ல இயலாத வீடு, அவ்வுண்மையால் மீண்டும் மீண்டும் தாளில் இடம்பெறுகிறது.