இரத்தக் குழாயில் குற்றமில்லை

நடு மார்பை அழுத்தும் வலியும் வியர்வையும் மூச்சுத் திணறலுமாக ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் ஒருவருக்கு, இ.சி.ஜி.யில் மாறுதல் தெரிந்து, இருதயத் தசை சேதமுற்றதைக் காட்டும் டிரோபோனின் என்ற புரதமும் இரத்தத்தில் மிகுந்திருக்குமாயின், ஏதோ ஒரு இருதயக் குழாய் அடைபட்டிருக்கிறதென்று வைத்தியர் எண்ணுவது இயல்பே; பெரும்பாலும் அந்த எண்ணம் சரியாகவும் இருக்கும். ஆயினும் இத்தகையோர் 100 பேரில் 5 முதல் 10 பேரிடம், ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தால், குறிப்பிடத்தக்க அடைப்பு எதுவும் அகப்படுவதில்லை.

குழாய் திடீரென்று இறுகிச் சுருங்கிப் பின்பு தானே விரிந்திருக்கலாம். இத்தகைய சுருக்கத்தால் வரும் வலியை அமெரிக்க வைத்தியர் மைரன் பிரின்ஸ்மெட்டல் 1959-இலேயே விவரித்திருக்கிறார். இரத்தக் கட்டி உண்டாகிக் கரைந்திருக்கலாம்; படத்தில் புலப்படாத நுண்குழாய்களில் கோளாறு நேர்ந்திருக்கலாம். மாரடைப்பைப் போலவே வேஷம் போட்டு வந்து வைத்தியரை ஏமாற்றும் இன்னொரு வியாதியும் உண்டு. எல்லாவற்றிலும் விசித்திரமானது அதுதான்.

1990-இல் ஹிரோஷிமா வைத்தியர் ஹிகாரு சாட்டோவும் அவருடைய சகாக்களும் விவரித்த அந்த வியாதியில், தேகமெங்கும் இரத்தத்தைச் செலுத்தும் இடது கீழறையின் நுனிப்பாகம் செயலற்று உப்பிப்போக, மேற்பாகம் மட்டும் பலமாகச் சுருங்குகிறது. அடிபருத்துக் கழுத்துக் குறுகிய அத்தோற்றம், ஜப்பானியச் செம்படவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்கும் பானையை ஒத்திருந்தமையால், ‘தகோட்சுபோ’ என்ற அப்பானையின் பெயரையே நோய்க்கும் வைத்துவிட்டார்கள்.

இந்நோய்க்கு ஆளாவோரில் பத்துக்கு ஒன்பது பேர் ஸ்திரீகள்; அவர்களிலும் மாதவிடாய் நின்ற வயதினரே மிகுதி. கணவனைப் பறிகொடுத்த துக்கமோ, பெரும் பீதியோ, கடுமையான வேறொரு நோயோ இதைத் தூண்டிவிடுகிறது. 2004 அக்டோபர் 23-ஆம் தேதி ஜப்பானின் நீகாத்தாப் பிரதேசத்தைப் பூகம்பம் உலுக்கியபின் அங்கே இந்நோயாளிகளின் தொகை வழக்கத்தைக் காட்டிலும் பன்மடங்கு பெருகிற்று. துக்கம்தான் வேண்டுமென்பதும் இல்லை: ஸூரிச் நகர வைத்தியர்கள் முன்னின்று திரட்டிய விவரங்களில், உணர்ச்சி வேகத்தால் இந்நோய் கண்ட 485 பேரில் 20 பேருக்கு அதை மூட்டியது சந்தோஷம், மகனுடைய கலியாணமும் பேரக் குழந்தையின் ஜனனமும் அதில் அடக்கம். சம்பந்தி வீட்டாரோடு மல்லுக்கு நின்றதில் வந்ததாக இருந்தால் நமக்கு ஆச்சரியம் குறைந்திருக்கும்!

அதிர்ச்சியின்போது இரத்தத்தில் பெருகும் அட்ரினலின் முதலிய சுரப்புநீர்கள் இருதயத் தசையைத் தற்காலிகமாக ஸ்தம்பிக்கச் செய்கின்றன என்பதே வைத்தியர்களிடையே வலுவாக இருக்கும் கருத்து. சில வாரங்களில் பெரும்பாலோருக்கு இருதயம் பழைய வடிவத்தை அடைந்துவிடுகிறது. அதை நம்பி இதை அற்பமென்று ஒதுக்குவது பெரும் பிழை. ஆஸ்பத்திரியில் இருக்கையிலேயே 100-க்குச் சுமார் 4 பேர் மரிக்கிறார்கள். குழாய் சுத்தமாக இருக்கிறதென்ற ஒரே காரணத்துக்காக, “எல்லாம் மனப்பிராந்தி, வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள்” என்று நோயாளியை அனுப்பிவிடுவது, அதிலும் அவர் பெண்ணாயிருந்தால் சற்று எளிதாகவே அனுப்பிவிடுவது, வைத்தியமாகாது. எக்கோ பரிசோதனையும் இருதய எம்.ஆர்.ஐ. படமும் உண்மைக் காரணத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்; காரணம் தெரிந்தால்தான், குழாய்ச் சுருக்கம் உள்ளவருக்கு அதைத் தளர்த்தும் மருந்தும், கட்டி உண்டானவருக்கு இரத்தம் உறையாதிருக்கும் மருந்தும் என்று பிரித்துக் கொடுக்க இயலும்.