இழைப்பு வந்த குழந்தை போர் விமானம் ஓட்டலாமா?

தெருவுக்கு ஓர் 'இழைப்புக் குழந்தை' நிச்சயம் இருக்கும். மழை தூறினால் ஸ்வெட்டர், ஐஸ்கிரீம் கேட்டால் அடி, ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சில் 'கொர் கொர்' என்று சத்தம் வந்தால் ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓட்டம்! அந்தக் குழந்தை வளர்ந்து, "நான் விமானப் படையில் பைலட் ஆகப் போகிறேன்" என்று வந்து நின்றால் அம்மா என்ன சொல்வது? எங்கள் வீட்டில் இப்போது இதே பேச்சுத்தான். விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு இந்தக் கவலை புதிது. 1990களில் நம் விமானப் படையில் பெண்கள் ஹெலிகாப்டரும் சரக்கு விமானமும் ஓட்ட ஆரம்பித்தார்கள். போர் விமானத்துக்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் ஜூன் 18ந் தேதி, ஹைதராபாத் பக்கத்தில் உள்ள துண்டிகல் அகாடமியில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் என்ற மூன்று பேர் முதல் பெண் போர் விமானிகளாகப் பதவி ஏற்றார்கள். 2021இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்ட பிறகு, தேசியப் பாதுகாப்பு அகாடமியும் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே சேர்ந்த முதல் பெண்கள் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். பிளஸ் டூ படிக்கும் பெண்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்!

நாங்கள் தஞ்சாவூர்வாசிகள். 2020 ஜனவரியில் இங்குள்ள விமான தளத்துக்கு சுகோய் விமான அணி வந்து சேர்ந்தது. சத்தம் கேட்டதும் நான் அடுப்பை விட்டுக் காதைப் பொத்திக்கொள்வேன். என் பெண் மொட்டை மாடிக்கு ஓடுவாள். அன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள் இன்று டிகிரி முடித்து, விமானப் படைக்கான 'ஆஃப்கேட்' பரீட்சையும் எழுதித் தேறிவிட்டாள். அடுத்து மைசூரில் தேர்வுக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும். அதிலும் தேறினால் மருத்துவப் பரிசோதனை. எங்களுக்கு வயிற்றைக் கலக்குவது அந்தக் கடைசிப் படிதான். ஒன்றரை வயதிலிருந்து நாலு வயது வரை அவளுக்கு நாலு தடவை இழைப்பு வந்திருக்கிறது. அதில் இரண்டு தடவை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தோம். ஐந்து வயதுக்குப் பிறகு ஒரு நாள்கூட இல்லை.

என் மாமியார் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "பால் குடிக்கிற வயசிலே வந்ததை இப்ப யாரு கேக்கப் போறா? நீயா வாயைத் திறந்து கெடுத்துக்காதே!"

கேட்கத்தான் கேட்கிறார்கள். பரிசோதனைக்கு முன்னால் தன் உடல்நலம் பற்றி விண்ணப்பதாரரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முன்பு வந்த நோய்களில் ஆஸ்துமாவும் கேள்வியாக வருகிறது. தெரிந்தே மறைத்தது பிற்பாடு வெளியானால் உத்தியோகமே போய்விடும். விதியும் கண்டிப்பானது. ஆஸ்துமா, இழைப்பு, அலர்ஜியால் வரும் மூக்கடைப்பும் தும்மலும் 'திரும்பத் திரும்ப' வந்த சரித்திரம் இருந்தால் நிராகரிக்கலாம் என்று இருக்கிறது. அமெரிக்கப் படைகளின் பொது விதியில் 13 வயது என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். 13வது பிறந்த நாளுக்குப் பிறகு வந்த ஆஸ்துமாதான் அங்கே தடை. நம் விதியில் அப்படி வயதுக் கோடு இல்லை. அந்தத் 'திரும்பத் திரும்ப' என்பதற்குள் சின்ன வயதில் வந்த நாலு தடவை அடங்குமா, அடங்காதா என்பதை எதிரே உட்காரும் டாக்டர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏன் இத்தனை கறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. விஷயம் புரிந்ததும் கோபம் அடங்கிவிட்டது. 18,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். போர் விமானி முகமூடி மாட்டிக்கொண்டுதான் சுவாசிக்க வேண்டும். அதில் வரும் பிராணவாயு ஈரப்பசை இல்லாதது. இழைப்புக்காரர்களுக்கு வறண்ட காற்று ஆகாது என்பது நமக்கே தெரியும். விமானம் வேகமாக வளைந்து திரும்பும்போது உடம்பின் எடை ஒன்பது மடங்குவரை கூடுகிறது. 50 கிலோ பெண்ணை 450 கிலோ அமுக்குவது போல! ரத்தம் காலுக்கு இறங்கி மயக்கம் வராமல் இருக்க, வயிற்றையும் காலையும் இறுக்கி, மூச்சைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். அந்த நேரம் மூச்சுக்குழல் சுருங்கிக்கொண்டால்? முகமூடியைக் கழற்றிப் 'பஃப்' அடித்துக்கொள்ள முடியுமா? மறைத்துவிட்டுப் போகிற பெண்ணின் உயிருக்கல்லவா ஆபத்து! இதைச் சொன்னதும் மாமியார் மறு பேச்சுப் பேசவில்லை.

அப்படியானால் குழந்தையில் இழைத்த எல்லோருக்கும் ஆஸ்துமாவா? இல்லவே இல்லை. அமெரிக்காவில் டூசான் என்ற ஊரில் 1980இல் தொடங்கி, பிறந்த குழந்தைகளை வருஷக்கணக்கில் கவனித்து வந்தார்கள். 1995இல் வெளியான கணக்குப்படி, ஆறு வயதுக்குள் ஏறக்குறையப் பாதிக் குழந்தைகளுக்கு ஒரு தடவையாவது இழைப்பு வந்திருந்தது. மூன்று வயதுக்குள் இழைத்த குழந்தைகளில் பாதிக்கும் மேலானவர்களுக்கு ஆறு வயதில் இழைப்பே இல்லை. கைக்குழந்தையின் மூச்சுக்குழல் மிகவும் சின்னது. சளிக் காய்ச்சலில் கொஞ்சம் வீங்கினாலும் விசில் அடிக்கும். வளர வளரக் குழல் அகலமாகி, சத்தம் நின்றுவிடும். ஆஸ்துமா அப்படி இல்லை. சளியே இல்லாவிட்டாலும் தூசி, புகை, குளிர்காற்று, ஓட்டம், சிரிப்பு என்று எதற்கும் கிளம்பும். ராத்திரியில் இருமல் வரும். வீட்டில் யாருக்காவது அலர்ஜியோ ஆஸ்துமாவோ இருக்கும். இந்த வித்தியாசத்தைப் பிரித்துப் பார்க்க நாளாகும் என்பதால், ஐந்து வயதுக்குள் 'ஆஸ்துமா' என்று எழுதப் பல டாக்டர்கள் தயங்குவார்கள்.

ஆனால் நாமோ சளியோடு வந்த இழைப்பையும் 'அவளுக்கு ஆஸ்துமா' என்று ஊரெல்லாம் சொல்லிவிடுகிறோம். நிஜமான ஆஸ்துமாவை 'வெறும் வீசிங்தான்' என்று மூடி வைக்கிறோம். இரண்டுமே குழந்தைக்குக் கெடுதல். என் சிநேகிதி ஒருத்தி, "இன்ஹேலர் கொடுத்தால் பிற்காலத்தில் வேலைக்கும் கல்யாணத்துக்கும் தடையாகும்" என்று ஆறு வயதுப் பையனுக்கு சிரப்பும் கஷாயமுமாக ஓட்டிக்கொண்டிருக்கிறாள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் மருந்தில்லை. சிரப் உடம்பு முழுக்கச் சுற்றி வரும். இன்ஹேலர் கொஞ்சூண்டு மருந்தை மூச்சுக்குழலுக்கே நேராகக் கொண்டுபோகும். தூதுவளை ரசமும் கற்பூரவல்லியும் தொண்டைக்கு இதமாக இருக்கலாம். சுருங்கிய குழலைத் திறக்க அவற்றை நம்ப முடியாது. கட்டுப்படாத ஆஸ்துமா குழந்தையின் படிப்பு, விளையாட்டு, தூக்கம் எல்லாவற்றையும் கெடுக்கும். எப்போதோ வரப்போகிற ஒரு விண்ணப்பத்துக்காக இன்றைய மூச்சை அடகு வைப்பார்களா? (கொசுவர்த்திச் சுருளையும் சாம்பிராணிப் புகையையும் நிறுத்துவதில் அந்த ஜாக்கிரதையைக் காட்டினால் புண்ணியம்.)

எங்களுக்கு இப்போது கைகொடுப்பது பழைய காகிதங்கள்தான். இரண்டாவது தடவை சேர்த்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் காகிதம் பீரோவில் கிடைத்தது. அதில் 'வைரஸ் சளியோடு வந்த இழைப்பு' என்றுதான் எழுதியிருக்கிறது. முதல் தடவை சேர்த்த இடத்தில் போய்க் கேட்டால், அத்தனை பழைய ரிக்கார்டு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். இளம் தாய்மார்களே, தடுப்பூசி அட்டை வைக்கிற அதே பையில் இழைப்பு வந்த தேதி, டாக்டர் எழுதின பெயர், கொடுத்த மருந்து, கடைசியாக மருந்து கொடுத்த நாள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். டாக்டர் வாயால் சொல்வது ஒன்று, எழுதியிருப்பது ஒன்று என்று தோன்றினால் அப்போதே கேட்டுவிடுங்கள். கூச்சம் வேண்டாம்.

போன மாதம் நெஞ்சு நோய் நிபுணரிடம் அவளை அழைத்துப் போனேன். குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனை செய்தார். மூச்சை நிறைய இழுத்து, ஒரே மூச்சாக ஊத வேண்டும். முதல் வினாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று இயந்திரம் அளக்கும். பிறகு மருந்தை உறிஞ்சவைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். மருந்துக்குப் பிறகு அந்த அளவு 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் தாண்டிக் கூடினால் ஆஸ்துமா இருக்கலாம் என்று அர்த்தம். அவளுக்கு இரண்டு தடவையும் அநேகமாக ஒரே அளவுதான். டாக்டர் உடனே என்னைப் பார்த்து, "சந்தோஷப்படுங்க, ஆனா இது பாஸ் மார்க் இல்லை. தீர்மானிக்க வேண்டியது படை டாக்டர்கள்" என்றார். இன்னொன்றும் சொன்னார்: சில பிள்ளைகள் தினமும் எடுக்கிற மருந்தைப் பரிசோதனைக்குக் கொஞ்ச நாள் முன்னால் தாங்களாகவே நிறுத்திவிட்டு, ஒன்றும் இல்லாதவர்கள் போலப் போய் நிற்கிறார்களாம். மூச்சு அடைத்து உயிருக்கே வினையாகும் வேலை அது.

தகுதி இல்லை என்று எழுதிவிட்டால் அப்பீல் போர்டு இருக்கிறது. அங்கேயும் முடியாது என்றால் மறு ஆய்வுக்கு மனுப் போடலாம். ஏற்பது அதிகாரிகள் இஷ்டம். பயணி விமானம் ஓட்டுவதற்கான மருத்துவ விதி தனி. உலக அளவிலான அந்த விதியில், கடுமையான தொந்தரவு தருகிற, அல்லது பறக்கும்போது ஆளை முடக்கிவிடக்கூடிய ஆஸ்துமாவைத்தான் தடையாகச் சொல்லியிருக்கிறார்கள். இதை நான் மெல்ல எடுத்துவிட்டபோது, "அம்மா, முதல்லே மைசூர். அதெல்லாம் அப்புறம்" என்று சொல்லிவிட்டாள்.

ஆஸ்துமா உண்டா என்ற கேள்விக்கு என்ன எழுதுவது என்பதை மட்டும் அவளே ஒரு தாளில் எழுதிப் பார்த்து என்னிடம் காட்டினாள். "நாலு வயது வரை சளியோடு நான்கு முறை இழைப்பு, இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சிகிச்சை, ஐந்து வயதுக்குப் பிறகு இல்லை, மருந்தும் இல்லை." டிஸ்சார்ஜ் காகிதத்தின் நகலையும் ஊதின சோதனையின் தாளையும் அதோடு சேர்த்துக் குத்தி, சூட்கேஸின் மேல் பையில் வைத்திருக்கிறாள். பதினைந்து நாளில் மைசூர் ரயில்.