உடையாரின் மிடுக்கும் நம் வீட்டுப் பேச்சும்

அரங்கிலே ஒருவர் நம் அப்புவைப் போலப் பேசினால் நமக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. அதே பேச்சு வெள்ளவத்தைச் சந்தியிலே நம் வாயில் வந்துவிட்டாலோ கூச்சம் உண்டாகிறது. இஃது ஏன்?

இவ்வினாவை எழுப்பவல்ல நூலொன்று நம்மிடம் உண்டு. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அவர்கள் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நானாடகம்’ என்பதே அது. புலோலியிற் பிறந்து, இலண்டனிலே ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்று, கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியிலே தமிழ் கற்பித்தவர் அவர். கல்வெட்டுத் தமிழில் துறைபோன அவ்வறிஞர், யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்துப் பேச்சையே தம் நாடகங்களுக்கு மொழியாக்கினார். பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர் அவற்றை நடித்தனர்.

அந்நூலிலுள்ள நான்கு நாடகங்களுள் ஒன்று ‘உடையார் மிடுக்கு’. ஆங்கிலேயர் ஆட்சியிலே மணியகாரர், உடையார், விதானை என அதிகாரம் படிப்படியாக ஊருக்குள் இறங்கியது. துரைமார் முன் பணிந்து நின்ற உடையார், ஊரவர் முன் நிமிர்ந்து நின்றார். பதவி அவர் ஒருவருக்கே உரியது. அதற்கேற்ற மிடுக்கையோ வீடு முழுவதும் சுமக்க வேண்டியிருந்தது. யாருடன் பழகுவது, எங்கே சம்பந்தம் செய்வது, எவ்வாறு பேசுவது என்பனவெல்லாம் அம்மிடுக்கின் கட்டளைகளாயின.

ஊர்த் தலைமைக்காரர் முறை 1963ஆம் ஆண்டில் ஒழிந்து, கிராம சேவகர் முறை வந்தது. ஆனால், மிடுக்கு ஒழிந்ததா?

சென்ற தவணையிலே இந்நாடகத்தின் ஒரு பகுதியை வகுப்பில் வாசிக்கச் செய்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் மாணவனொருவன், நூலிலுள்ள பேச்சுச் சொற்களை ஒவ்வொன்றாகச் செந்தமிழாக்கியே வாசித்தான்.

“ஏன் தம்பி மாற்றுகிறீர்?” என்றேன்.

அவன் தலை குனிந்தான். “அம்மா இப்பிடித்தான் கதைக்கிறவ, சேர். மற்றப் பெடியள் சிரிப்பாங்கள்.”

நான் திடுக்கிட்டேன். தாயின் பேச்சை மறைக்கவேண்டுமென்று அப்பிள்ளைக்கு யாரும் கட்டளையிடவில்லை. பட்டணத்திலே மதிப்போடு வாழ்வதற்கு அதுவே விலையென்று அவன் தானாகவே விளங்கிக்கொண்டான்.

இந்நாடகத்தை எழுதியவர் யாரென்றும், அவர் எத்துணைக் கற்றவரென்றும் எடுத்துச் சொன்னேன். அவன் மீண்டும் வாசித்தான். இம்முறை உள்ளவாறே வாசித்தான். வகுப்பிலே சிரிப்பு எழுந்தது. அஃது உடையாரைப் பார்த்து எழுந்த சிரிப்பு. அவனைப் பார்த்து எழுந்ததன்று. அவனும் உடன் சிரித்தான்.

பெற்றோரே, பிள்ளைகள் ஆங்கிலம் கற்கட்டும், சிங்களம் கற்கட்டும், செந்தமிழும் வழுவறக் கற்கட்டும். அவற்றுள் எதனைக் கற்பதற்கும் ஆச்சியின் பேச்சுக்கு நாண வேண்டியதில்லை. அந்நாணத்தைப் பிள்ளைக்குக் கற்பிக்கும் வீட்டிலே உடையார் இன்னும் இருக்கிறார்.