குரலைச் சுமக்கும் கம்பி

மீலாத் விழா, பரிசளிப்பு விழா, தமிழ்த்தினப் போட்டி என எமது மேடைகளில் ஒவ்வொரு வருடமும் எத்தனையோ குரல்கள் ஒலிக்கின்றன. கசீதா படிக்கும் மாணவி வாரக்கணக்கில் பயிற்சி எடுக்கிறாள். பேச்சுப் போட்டிக்கு வருபவள் சொல் சொல்லாக மனனம் செய்கிறாள். ஆனால் அன்றைய தினம் ஒலிபெருக்கியில் "ங்ங்" என்று ஓர் இரைச்சல் எழுந்துவிட்டால், கடைசி வரிசையில் இருக்கும் உம்மாவின் காதுக்கு அந்த உழைப்பு போய்ச் சேர்வதில்லை. உடனே எல்லோரும் மைக்கைக் குறை சொல்வார்கள். மைக்குக்கும் மிக்சருக்கும் இடையே தரையில் கிடக்கும் கேபிளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இது மேடைக்கு மட்டும் உரிய விடயமல்ல. றமழானில் தராவீஹ் தொழும்போது பெண்களுக்கான பகுதி பெரும்பாலும் தனியாக இருக்கும். இமாமை நாம் காண்பதில்லை. தக்பீர் காதில் விழுந்தால்தான் ருகூஉக்கும் ஸுஜூதுக்கும் செல்கிறோம். பயானும் அவ்வாறே ஒரு நீண்ட கம்பி வழியாகத்தான் எம்மிடம் வருகிறது. ஆகவே கம்பியைப் பற்றி அறிந்திருக்க வேண்டிய தேவை எமக்குச் சற்று அதிகம் என்றே நினைக்கிறேன்.

முதலில், எல்லா ஒலிக் கேபிள்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சாதாரண மேடை மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ற்று மாத்திரமே. மிக்சரிலிருந்து அம்ப்ளிபயருக்குச் செல்வது ஏறத்தாழ 1 வோல்ற்று. அம்ப்ளிபயரிலிருந்து 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 100 வாற்று வலு செல்லும்போது அது 28 வோல்ற்று, மின்னோட்டமோ 3.5 அம்பியர். மெல்லிய குரலைச் சுமப்பது ஒரு வேலை, பெரிய மின்னோட்டத்தைச் சுமப்பது இன்னொரு வேலை.

மைக் கேபிளின் எதிரி இரைச்சல். எமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். அந்த வயருக்குப் பக்கத்தில் மைக் கேபிள் கிடந்தால் மின்காந்தத் தூண்டலால் அதிலும் சிறு மின்னழுத்தம் தோன்றும். மைக்கின் சில மில்லிவோல்ற்றோடு அதுவும் சேர்ந்து பெருக்கப்படும். நாம் கேட்கும் "ங்ங்" பெரும்பாலும் அதுதான்.

இதற்கான தீர்வு வானொலிக்கும் முந்தியது. தொலைபேசிக் கம்பிகளில் இதே தொல்லை இருந்ததால், இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிப் பயன்படுத்தும் முறைக்கு அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்றார். இன்றைய பலன்ஸ்ட் கேபிள் அதன் வழி வந்தது. அதனுள் முறுக்கிய இரு கம்பிகளும், அவற்றைச் சுற்றிச் செப்பு வலையும் இருக்கும். ஒரு கம்பியில் குரல் +2 என்றால் மற்றதில் −2 என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து வரும் இரைச்சல் 5 என்றால், இரண்டும் அருகருகே முறுக்கியிருப்பதால் இரண்டிலும் 5 சேரும். முதலாவதில் 7, இரண்டாவதில் 3. மிக்சர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது: 7 − 3 = 4. இரைச்சல் முழுவதும் நீங்கி, குரல் இரட்டிப்பாக மிஞ்சுகிறது. சிறுவயதில் படித்த கழித்தல் கணக்குதான் இவ்வளவு வேலையையும் செய்கிறது!

மூன்று ஊசிகள் கொண்ட எக்ஸ்எல்ஆர் முனையுள்ள கேபிள் இந்த வகையைச் சேர்ந்தது. நல்லதாக இருந்தால் 50 மீற்றர் தூரத்துக்கும் தயங்காமல் இழுக்கலாம். ஒரே கம்பியும் வலையும் மட்டும் உள்ள சாதாரண கேபிளை 5, 6 மீற்றருக்குள் வைத்துக்கொள்வதே நல்லது. கீபோர்ட் போன்ற கருவி தூரத்தில் இருந்தால், அதன் அருகில் டிஐ பெட்டி ஒன்றை வைத்து அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிளால் மிக்சருக்குக் கொண்டுவரலாம்.

கைத்தொலைபேசியிலிருந்து கசீதா போடும்போது சில வேளை பின்னணி ஓசை மட்டும் கேட்கும், பாடகரின் குரல் காணாமற் போகும். பாட்டில் பிழையில்லை. இடம், வலம் என இரு பக்க ஒலி வரும் ஜாக்கை பலன்ஸ்ட் துளையில் செருகியதுதான் காரணம். மிக்சர் வழக்கம் போல ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது. இரு பக்கமும் சமமாக இருக்கும் குரல் தன்னைத்தானே கழித்துக்கொண்டு மறைகிறது. ஒரு முனை இரண்டாகப் பிரியும் கேபிளால் இரு பக்கத்தையும் வெவ்வேறு துளைகளில் கொடுத்தால் குரல் திரும்பி வரும்.

ஸ்பீக்கர் கேபிளின் எதிரி தடை. 30 மீற்றர் தூரத்துக்குப் போய்வர 60 மீற்றர் செப்புக் கம்பி. தடைத்திறனைக் கொண்டு கணித்துப் பார்த்தேன். 1.5 சதுர மில்லிமீற்றர் தடிப்பாயின் தடை ஏறத்தாழ 0.7 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்குச் செல்லும் வலுவில் சுமார் 8 வீதம் கம்பியிலேயே வெப்பமாகிறது. மைக் கேபிளின் உள்ளே இருப்பது போன்ற 0.22 சதுர மில்லிமீற்றர் கம்பியாயின் தடை 4.7 ஓம், இழப்பு 37 வீதம். 2.5 சதுர மில்லிமீற்றரில் அது 5 வீதமாகக் குறைகிறது. எனவே ஸ்பீக்கருக்கு மைக் கேபிள் கூடாது. தூரம் கூடக் கூடத் தடிப்பும் கூட வேண்டும்.

பெற்றோரும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இரைச்சலை நிறுத்துவதற்காகச் சிலர் மூன்று முள் பிளக்கின் புவித்தொடுப்பைக் கழற்றிவிடுவர். இரைச்சல் நிற்கலாம். ஆனால் கருவிக்குள் ஏதும் கோளாறு ஏற்பட்டால், மைக்கைப் பிடித்திருக்கும் பிள்ளையின் உடல் வழியே மின்சாரம் பாயக்கூடும். எந்த விழாவும் ஓர் உயிருக்கு ஈடாகாது. மிக்சருக்கும் அம்ப்ளிபயருக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுப்பதும், ட்ரான்ஸ்போமர் உள்ள டிஐ பெட்டியை இடையில் வைப்பதும் பாதுகாப்பான வழிகள். மைக் கேபிள் மின் வயரைக் கடந்தே ஆகவேண்டுமானால் செங்கோணத்தில் கடக்கட்டும். பக்கத்திலேயே நெடுந்தூரம் ஓடவேண்டாம்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் எல்லாம் கடற்கரை ஊர்கள். உப்புக் காற்று செப்பைப் பச்சையாக்கி, ஊசிகளையும் கறுக்கச் செய்யும். வேலை முடிந்ததும் முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, மூடிய பெட்டியில் வைத்தால் கேபிள் நீண்ட காலம் உழைக்கும். முழங்கையில் இறுக்கிச் சுற்றினால் உள்ளே உள்ள கம்பி முறுகி அறுந்துபோகும். பெரிய வளையங்களாகச் சுருட்டுவதே முறை.

எனவே சகோதரிகளே, அடுத்த விழாவுக்குக் கேபிள் வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்போம். இது மைக்குக்கா, ஸ்பீக்கருக்கா? உள்ளே எத்தனை கம்பிகள், என்ன தடிப்பு? எவ்வளவு தூரத்துக்கு இழுக்கலாம்? இவற்றைக் கேட்கத் தெரிந்தால், இன்ஷா அல்லாஹ், மேடையில் நிற்கும் தங்கையின் குரல் கடைசி வரிசை வரை தெளிவாகவே போய்ச் சேரும்.