பழங்காசும் பத்து லட்ச ரூபாய் விளம்பரமும்

நம் சங்க அங்கத்தினர்களின் இல்லங்களில் பழைய காசு இல்லாத இல்லம் குறைவு. பூஜை அறைச் சிமிழில் ஒரு விக்டோரியா ரூபாய், குழந்தையின் அரைஞாணிலிருந்து கழற்றி வைத்த ஓட்டைக் காலணா, பெட்டியின் அடியில் ஒரு பிடி நயா பைசா என ஏதேனும் ஒன்று இருக்கவே செய்யும். இவற்றை விற்றுப் பணமாக்க வேண்டும் என்னும் எண்ணம் முன்னர் எவருக்கும் அதிகமாக எழுந்ததில்லை. தற்போது கைப்பேசி வீடுதோறும் வந்துவிட்டது. "இந்த ஐந்து ரூபாய் நாணயம் உங்களிடம் உண்டா? பத்து லட்சம் உங்களுக்கே!" என்னும் விளம்பரம் அதில் நாள்தோறும் தென்படுகிறது. பாவு இல்லாமல் தறி நின்றுவிட்ட மாதத்திலும், மழை பொய்த்த பருவத்திலும் இதனைக் காண்பவர் மனம் சலனமடைவது இயல்பே. ஆகவே, பழைய நாணயத்தின் விலை எங்ஙனம் அமைகிறது, விளம்பரத்தில் பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்பவற்றை அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

முதலாவதாகக் களைய வேண்டிய எண்ணம், பழையதெல்லாம் விலை உயர்ந்தது என்பதாகும். இராஜராஜ சோழனின் செப்புக் காசு ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. ஒரு பக்கம் நிற்கும் உருவமும், மறுபக்கம் அமர்ந்த உருவத்தோடு நாகரி எழுத்தில் மன்னன் பெயரும் அதில் உண்டு. தமிழகத்திலும் இலங்கையிலும் அக்காசு ஏராளமாகக் கிடைத்துள்ளமையால், தேய்ந்த காசு ஒன்றைச் சில நூறு ரூபாய்க்குள்ளேயே வாங்கிவிடலாம். ஆனால் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய்க்கு இன்னும் நூறு வயதுகூட நிரம்பவில்லை. எனினும் அதைப் பெறுவதற்குச் சேகரிப்போர் பெருந்தொகை கொடுக்கின்றனர். காரணம், அவ்வாண்டு ரூபாய் வெகு சிலவே மிஞ்சியுள்ளன. எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகின்றனர், எந்த நிலையில் இருக்கிறது ஆகிய மூன்றையும் கொண்டே விலை பிறக்கிறது. வயது அதற்குப் பின்னர்தான்.

இதற்குக் கடலடியிலிருந்து கிடைத்த சான்று ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை ராஜதானியின் புழக்கத்துக்காக 1808ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பத்துக் காசு, இருபது காசு என்னும் செப்பு நாணயங்களை அச்சிடச் செய்தனர். ஒரு பக்கம் கம்பெனியின் சிங்க இலச்சினை. மறுபக்கம் பாரசீக எழுத்து. இவற்றில் சுமார் 48 டன் ஏற்றிய 'அட்மிரல் கார்டனர்' என்னும் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கிற்று. சென்னைக்கு வர வேண்டிய காசு ஏறத்தாழ 175 ஆண்டுகள் கடலில் கிடந்து, 1980களில் லட்சக்கணக்கில் மேலே எடுக்கப்பட்டது. விளைவு யாது? இருநூறு ஆண்டுப் பழமையும், சுவையான கதையும், தெளிவான அச்சும் இருந்தும் அந்நாணயம் அரிதானதன்று. "1808 கம்பெனி காசு, கோடி ரூபாய்" என்று எழுதுவோர் இக்கப்பலைப் பற்றி ஒரு சொல்லும் எழுதமாட்டார்கள்.

காசின் மேலுள்ள ஆண்டும் நம்மை ஏமாற்றக்கூடும். விக்டோரியா அரசியின் ரூபாய்களில் மிகுதியாகக் காணப்படுவன 1840, 1862 என்னும் ஆண்டுகளைத் தாங்கியவை. இவை அந்தந்த ஓராண்டில் மட்டும் அடித்தவை அல்ல. 1840 என்னும் எண்ணை மாற்றாமல் 1861 வரையிலும், 1862 என்னும் எண்ணை மாற்றாமல் 1874 வரையிலும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். "1862, ஒரே ஆண்டு வெளியீடு" என்று கூறும் விளம்பரதாரர் அறியாதவராக இருக்கலாம். அறிந்தே கூறுபவராகவும் இருக்கலாம்.

வெள்ளி ரூபாயைப் பொறுத்தமட்டில் குறைந்தபட்ச விலையை அங்கத்தினர் எவரும் தாமே கணக்கிடலாம். இது நெசவாளர்க்குப் புதிய வித்தையன்று. பழைய பட்டுச் சேலை வாங்க வருபவன் கரையின் அழகுக்கா பணம் தருகிறான்? ஜரிகையில் எத்தனை வெள்ளி என்றுதானே பார்க்கிறான்! 1835ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா; இன்றைய அளவில் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஆகவே 1939 வரையிலான ஒரு முழு எடை ரூபாயில் சுமார் 10.69 கிராம் சுத்த வெள்ளி உள்ளது. யுத்த காலத்தில், 1940 முதல், வெள்ளி சரிபாதியாகக் குறைக்கப்பட்டது; அவற்றில் சுமார் 5.83 கிராம்தான். 1947ஆம் ஆண்டின் புலி உருவ ரூபாய் முழுவதும் நிக்கல், வெள்ளி கிடையாது. கணக்குக்காகக் கிராம் வெள்ளி 100 ரூபாய் என்று கொண்டால், விக்டோரியா ரூபாயின் உலோகம் 1,069 ரூபாய் பெறும். 1944ஆம் ஆண்டு ரூபாயின் உலோகம் 583 ரூபாய் பெறும். அன்றன்றைய வெள்ளி விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதே. தேய்மானத்துக்கும் வியாபாரியின் லாபத்துக்கும் சிறிது கழியும். இக்கணக்கு தெரியாமல், வாசலில் வந்து நிற்பவனிடம் எல்லா ரூபாயையும் ஒரே விலைக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. லட்ச ரூபாய் ஆசையால் கெடுவது ஒரு வகை. உள்ள விலையும் அறியாமல் இழப்பது மற்றொரு வகை.

காந்தமும் இங்கே உதவும். வெள்ளியைக் காந்தம் இழுக்காது. "விக்டோரியா வெள்ளி ரூபாய்" என்று வாங்கியது காந்தத்தில் ஒட்டினால் அது இரும்பு கலந்த போலி. நிக்கலை மட்டும் காந்தம் இழுக்கும். ஆகையால் 1947ஆம் ஆண்டுப் புலி ரூபாய் ஒட்டுவது குற்றமன்று, ஒட்டுவதே இலக்கணம். எடை ஒரு கிராமுக்கு மேல் குறைந்தாலோ, எழுத்துகள் மெழுகு போல் மழுங்கியிருந்தாலோ, விளிம்பில் வார்ப்பின் கோடு தெரிந்தாலோ, அச்சிலே அடித்த காசன்று, வார்த்து எடுத்தது என்று ஐயுறலாம். அரிய ஆண்டுகளுக்கே போலி மிகுதி. மேற்சொன்ன 1939ஆம் ஆண்டு ரூபாய் என்று எவரேனும் நீட்டினால், முதலில் நம்பாமல் இருப்பதே முறை.

உலோக விலைக்கு மேல் எவ்வளவு கிடைக்கும் என்பது நாணயத்தின் நிலையைப் பொறுத்தது. அரசியின் தலைமயிர்க் கோடுகளும் ஆடையின் பூவேலைப்பாடும் தெளிவாக நின்றால் ஒரு விலை. மழுங்கிப்போனால் மற்றொரு விலை. வளையம் பற்றவைத்து மாலையில் கோத்ததாயின் வெள்ளி விலை மட்டுமே. நம் இல்லத்தரசிகளுக்கு ஒரு வேண்டுகோள். பித்தளைக் குடத்தைத் துலக்குவது போல் பழங்காசைப் புளியிட்டோ, சாம்பலிட்டோ, விபூதியிட்டோ துலக்க வேண்டாம். செம்பின் மேல் காலத்தால் படிந்த பழுப்பு நிறமே அதன் உண்மைக்குச் சாட்சி. பளபளவென்று துலக்கிய காசைச் சேகரிப்போர் விலை குறைத்தே கேட்பார்கள். உலர்ந்த காகித உறையில் தனித்தனியே இட்டு வைத்தால் போதும்.

சில நாணயங்கட்குக் கதையால் மதிப்பு வருவதும் உண்டு. 1911ஆம் ஆண்டில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலையோடு ரூபாய் வெளிவந்தபோது, அவர் அங்கியிலிருந்த சிறு யானை உருவம் பார்ப்பதற்குப் பன்றி போல் இருக்கிறதென்று முஸ்லிம் மக்களிடையே மனக்கசப்பு எழுந்தது. அரசாங்கத்தார் அந்நாணயத்தைத் திரும்பப் பெற்றனர். 1912ஆம் ஆண்டு ரூபாயில் யானைக்குத் தும்பிக்கை தெளிவாக வரையப்பட்டது. இன்றும் 1911ஆம் ஆண்டு ரூபாய் ஏனையவற்றினும் கூடுதல் விலை பெறுகிறது. ஆயினும் அது கூடுதல் விலைதான், குபேர சம்பத்தன்று.

இனி, நம் காலத்துக் காசுகளுக்கு வருவோம். விளம்பரங்களில் அதிகம் அடிபடுவன இவையே. 2012ஆம் ஆண்டில் வைஷ்ணோ தேவி ஆலய வாரியத்தின் வெள்ளி விழாவையொட்டி ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்கள் வெளியாயின. அவை பொதுப் புழக்கத்துக்கென்றே அடித்தவை. இன்றும் சில்லறையில் அகப்படுவன. 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாய் நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே ஆங்கில 'எச்' எழுத்து இருந்தால் இரண்டரை லட்சம் என்பது மற்றொரு கூற்று. அவ்வெழுத்து பர்மிங்காம் நகரின் ஹீட்டன் அக்கசாலையைக் குறிப்பது. அவ்வாண்டில் சில்லறைத் தேவைக்காக வெளிநாட்டிலும் நாணயம் அடிக்கப்பட்டது. அதுவும் சாதாரண நாணயமே. ஆண்டெண்ணின் கீழுள்ள குறியைக் கண்டு மயங்குவோர் இதனை மனத்தில் கொள்க: வைரக் குறி மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப்புள்ளி நொய்டா, குறி ஏதும் இல்லையேல் கொல்கத்தா. எந்த ஊர் அக்கசாலை என்று தெரிவிப்பதற்கு அப்பால் அக்குறிகளில் மந்திரம் ஏதுமில்லை. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை ஆயின. செல்லாமற் போனதனாலேயே அவை அரியவை ஆகிவிடவில்லை. ஐம்பது பைசா இன்றும் செல்லும்.

விளம்பரத்தைப் படிக்கும் முறை விவசாயிகளுக்கு நன்கு தெரிந்ததே. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மஞ்சளுக்கு விலை எது? கொண்டு வந்தவர் மனத்தில் நினைத்த விலையன்று; ஏலத்தில் முடிந்த விலையே. இணையத்தில் ஒருவர் தம் ஐந்து ரூபாய் நாணயத்துக்கு ஒன்பது லட்சம் என்று எழுதி வைக்கலாம். எழுதுவதற்குக் காசு வேண்டியதில்லை. அவ்விலைக்கு எவரேனும் வாங்கினார்களா என்பதே கேள்வி. முறையான நாணய ஏல நிலையங்கள் முடிந்த விலைகளை வெளியிடுகின்றன. அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் புகை கலைந்துவிடும். ஒரே புகைப்படம் பல விளம்பரங்களில் காணப்பட்டால், நாணயம் அவர் கையில் இல்லை என்று பொருள். எடையையும் விளிம்பையும் காட்டாமல் "மிக அரிது" என்பதை மட்டும் மும்முறை எழுதுபவரை விட்டு விலகுதல் நலம்.

இதனினும் கொடியது, நம்மிடம் வாங்குவதாகச் சொல்லி நம் பணத்தையே பறிப்பது. காசின் படத்தை அனுப்பியதும் பாராட்டு வரும். லட்சக்கணக்கில் விலை பேசப்படும். பின்னர்ப் பதிவுக் கட்டணம் சில நூறு, அடுத்து வரி, அடுத்து ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் என்று முத்திரையிட்ட கடிதம். ஒவ்வொரு முறையும் தொகை ஏறும். லட்சம் மட்டும் வந்து சேராது. ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவிப்பு வெளியிட்டது. பழைய நாணயம், நோட்டு ஆகியவற்றின் விற்பனையில் தனக்குத் தொடர்பில்லை என்றும், அதற்காகக் கட்டணமோ கமிஷனோ தான் கேட்பதில்லை என்றும், தன் பெயரைப் பயன்படுத்த எவருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் அதில் கூறியுள்ளது. நெல் வாங்க வரும் வியாபாரி, விற்பவரிடமே முன்பணம் கேட்டால் நாம் என்ன செய்வோம்? அதையே இங்கும் செய்யலாம். பணம் போய்விட்டதாயின் நாணப்பட்டு மறைத்தல் கூடாது. 1930 என்னும் எண்ணுக்கு அன்றைக்கே தொலைபேசியில் முறையிட்டால், பணம் வேறு கணக்குக்கு மாறுமுன் தடுக்க வழியுண்டு.

இராமர் பட்டாபிஷேகமோ, அனுமான் உருவமோ பொறித்து 1818 என்று ஆண்டிட்ட "கம்பெனி அணா" ஒன்றும் உலவுகிறது. கம்பெனியார் சென்னையில் வெளியிட்ட பூவராகனில் திருமால் உருவம் இருந்தது மெய். அதனால் படித்தவரும் இதனை நம்பிவிடுகின்றனர். ஆயினும் 1818ஆம் ஆண்டில் இத்தகைய அணாவைக் கம்பெனி அடிக்கவே இல்லை. இவை பின்னாளில் விற்பனைக்காகச் செய்யப்பட்ட வில்லைகள். இவை அரிசியை இழுக்கும், உள்ளே இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டார் கோடிகளில் வாங்குவர் என்று சொல்லி, சோதனைச் செலவென்று பணம் பறிக்கும் கூட்டத்தார் நம் மாவட்டங்களில் பலமுறை கைதாகியுள்ளனர். இரிடியம் அரிசியை இழுக்காது. எந்த உலோகமும் இழுக்காது. இழுக்கிறதென்றால் அரிசியில் இரும்புத்தூள் சேர்ந்திருக்கிறது.

நிலம் உடைய அங்கத்தினர்க்கு மேலும் ஒரு செய்தி. உழும்போது பழங்காசு வெளிப்படுதல் நம் நாட்டில் புதிதன்று. 1898ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. இவ்வாறு கிடைப்பதை இரகசியமாக இணையத்தில் விற்க முயல்வது ஆபத்து. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். மறைத்தால் தண்டனையும் உண்டு, தமக்குரிய பங்கும் போய்விடும். தெரிவித்தவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. அரசாங்கம் எடுத்துக்கொள்வதாயின், உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். உரிமை கோருவார் இன்றி அது திரும்பக் கிடைக்குமாயின், வேறு உடன்பாடு இல்லாதபோது நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கும், ஒரு பங்கு நிலத்துக்கு உரியவருக்கும் சேரும்.